பக்கத்துக்கு இரண்டு கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது ஜுரம் வந்தால், அது ஒருத்தருக்கு மட்டும் வந்த ஜுரம் என்று ஆபா ஒப்புக்கொண்டதே இல்லை. "நமக்கு ஜுரம் கண்ணு, இன்னிக்கு கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸில் இருக்கும் குஸ்காவையும் மூடி வைத்துவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அரை நாள் லீவு கேட்க மேடத்தின் அறை வாசலில் தயங்கி நின்றேன். உள்ளே இருந்த ஆபா எனக்கு முந்திக்கொண்டார். "மேடம், நாலு மணிக்கு நம்மளப் பொண்ணு பார்க்க வராங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆபாவை ஏற இறங்கப் பார்த்தார். ஆபாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை.

உருது பேசுகிற வீடுகளில் அக்காவை ஆபா என்று கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் மேடம் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ஆபாதான். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் மேடம் நடத்திய எங்கள் பதிப்பகம் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் போடுவோம். நான் சேர்ந்தபோது ஆபா அங்கே இருபது வருஷம் முடித்திருந்தார். நானும் அவரும்தான் ப்ரூஃப் பார்க்கிறவர்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. உலகத்தில் மற்றவர்களெல்லாம் ப்ரூஃபை எடுத்துப் படிப்பார்கள், தப்பைத் திருத்துவார்கள், வேலை முடிந்தது. ஆபாவுக்கு அது வேலையே இல்லை. ஒருத்தர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்கவேண்டும். புள்ளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் படிக்கவேண்டும். மற்றவர் அச்சுப்பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வரவேண்டும். பக்கம் முடிந்ததும் கீழே வலது மூலையில் இரண்டு பேரும் சின்னதாகக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிற பக்கத்தை அச்சகத்துக்காரர் வாங்கமாட்டார். அவரையும் அப்படிப் பழக்கி வைத்திருந்தார் ஆபா.

"தனியாப் பார்த்தா கண்ணு நமக்குப் புடிச்சதத்தான் பார்க்கும்" என்பார். "கேக்கற காது வேற ஆளோடதா இருக்கணும்மா."

ஆபாவின் கையெழுத்து ஓர் உருது எழுத்து. கிண்ணம் போல ஒரு வளைவு, நடுவில் ஒரு புள்ளி. வலமிருந்து இடமாக ஒரே இழுப்பு. பென்சில் முனை தாளில் பட்டதா இல்லையா என்று தெரியாது, கிண்ணம் வந்திருக்கும். பொழுது போகாத மத்தியானங்களில் நான் அதைக் காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். "அரே, நம்ம கை நல்லா வருதே" என்று ஆபா சந்தோஷப்படுவார்.

ரோடு கடப்பதென்றாலும் தனியாகக் கடக்கமாட்டார். கச்சேரி ரோட்டில் மசூதிக்குப் பின்னால் அவர் வீடு, நான் மந்தைவெளி, இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். இறங்கியதும் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, நாம போயிடலாம்" என்று ரோட்டில் இறங்கிவிடுவார். அந்தப் பெண்ணும் மறுப்பு சொல்லாமல் கூட வருவாள். எனக்கு வெட்கமாக இருக்கும், நாலடி தள்ளி நடப்பேன்.

அந்த வருஷம் மேடம் ஒரு பெரிய வேலை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி. முதல் பதிப்பில் யார் பெயரும் கிடையாது, பள்ளிக்கூடங்கள் ஏற்றுக்கொண்டு இரண்டாம் பதிப்பு வந்தால் உள்ளே முதல் பக்கத்தில் 'உதவி ஆசிரியர்' என்று ஆபாவின் பெயர் வரும் என்று சொன்னார். இருபது வருஷம் அடுத்தவர் பெயர்களில் எழுத்துப்பிழை பார்த்த மனுஷி. ஒரு முழு நாள் பேசவே இல்லை. மறுநாள் வந்து, "நம்ம பேரு அச்சுல வரப்போவுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'நம்ம' எங்கே வந்தது, உங்கள் பெயர்தானே என்று நினைத்தேன், சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மேடத்திடம் மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறார். மேடம் முடியாது என்றுவிட்டார்.

ஜி எழுத்துக்கு வந்தபோது 'கங்-ஹோ' என்று ஓர் ஆங்கிலச் சொல்லில் ஆபா மாட்டிக்கொண்டார். 'மிகையான உற்சாகமுள்ள' என்று பொருள் போட்டிருந்தது. அலுவலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டிய ஆபா, அது சீனத்திலிருந்து வந்தது, மூலத்தில் 'சேர்ந்து வேலை செய்' என்று அர்த்தம் என்று கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான், ஆபாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தன் வார்த்தை ஒன்று சீனா வரை போய்ச் சுற்றி வந்ததாக நினைத்துக்கொண்டார். விசாரிக்காமல் விடுவதில்லை என்று அன்று சாயங்காலமே ராயப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு சீனப் பல் டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்த டாக்டர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்.

"இன்னா ஆபா, எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் கீது டாக்டர். ஒரு வார்த்தை கேக்கணும்."

"நம்ம சீனம்லாம் சமையக்கட்டோட சரி" என்று சிரித்தார் அவர். ஆனாலும் போன் போட்டு அவருடைய அப்பாவைக் கேட்டு, மருந்துச்சீட்டில் இரண்டு எழுத்து வரைந்து கொடுத்தார். முதலாவது வேலை, இரண்டாவது சேர்வது. ஜப்பான்காரன் படையெடுத்து வந்த காலத்தில் சீனாவில் ஜனங்கள் கூட்டுறவுத் தொழிற்கூடங்கள் வைத்தார்களாம். அதன் நீளமான பெயரைச் சுருக்கினால் இந்த இரண்டு எழுத்து. அவ்வளவுதான், வெறும் பெயர்ச்சுருக்கம். அங்கே போய்ப் பார்த்த ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரிக்கு அது பிடித்துப்போய், தன் படைக்கு அதையே முழக்கமாக்கிவிட்டார். அவருடைய படையைத் தாண்டி ஊர்வாயில் புழங்கிப் புழங்கி, எதற்கும் யோசிக்காமல் குதிக்கிறவனுக்கு அது பெயராகிவிட்டது.

திரும்பி வரும்போது ஆபாவுக்கு மனசே ஆறவில்லை. "பாரும்மா, சேர்ந்து செய்யறதுன்னு ஆரம்பிச்ச வார்த்தை, கடைசில தனியா முந்திக்கினு ஓடறவனுக்குப் போயிடுச்சே" என்றார். மருந்துச்சீட்டை எங்கள் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினார். எனக்கு அப்போது இது பெரிய கூத்தாக இருந்தது. வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரி வரலாறும் சேர்க்கவேண்டும் என்று ஆபாவுக்கு ஆசை. மேடத்தைக் கேட்காமல் சேர்க்க முடியாது. எங்கள் வழக்கம் என்னவென்றால், திருத்தத்தைச் சிவப்புப் பேனாவில் எழுதுவோம், டி.டி.பி. ஆபரேட்டர் அதை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துவிடுவார். கேள்வியைப் பென்சிலில் எழுதிச் சுற்றி வட்டம் போடுவோம், அதை அவர் அடிக்கமாட்டார். அன்று ஆபா சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் எழுதினேன். 'இந்தப் பொருள் போதுமா? மூலத்தில் சேர்ந்து வேலை செய்வது என்று இருக்கிறது. மேடத்திடம் கேட்கவும்.' ஆபா முடித்துவிட்டார். எனக்குத்தான் குறும்பு அடங்கவில்லை. ஆபா பேசுகிற மாதிரியே இன்னொரு வரி சேர்த்தேன். 'மேடத்துக்கும் தெரியாவிட்டால் நாமே ஏதாவது போட்டுவிடலாம்.'

படித்துக் காட்டியதும் ஆபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சைத்தான்! அழிச்சிடு, மொதல்ல அழிச்சிடு" என்றார். அழிக்கிறேன் என்றேன். அழிக்கவில்லை. கையிலிருந்த பென்சில் மழுங்கியிருந்ததால் நான் சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தேன். வட்டமும் போடவில்லை.

அதுவும் பெரிய விஷயமில்லை. கடைசி ப்ரூஃப் என்று ஒன்று வரும், இருவரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்போம், மாட்டிக்கொண்டுவிடும். அதற்குத்தானே அந்த ஏற்பாடே.

ஜி எழுத்துப் பக்கங்களின் கடைசி ப்ரூஃப் நோன்பு மாதத்தில் வந்தது. நோன்பு திறக்க ஆபா நாலரை மணிக்கே கிளம்பவேண்டும். அன்று பதினாறு பக்கம் பாக்கி. "காலைல எட்டு மணிக்கு வந்துடறேன் கண்ணு. நீயும் வந்துடு, சேர்ந்து முடிச்சிடலாம். பத்து மணிக்குத்தானே பிரஸ் ஆள் வரான்" என்றார். சரி என்றேன். மறுநாள் சனிக்கிழமை, தோழிகளோடு மகாபலிபுரம் போவதாக இருந்தேன், காலை ஏழு மணிக்கு வேன். ஆபாவிடம் அதைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பார். சொல்லவில்லை. பதினாறு பக்கத்தையும் தனியாக, மனசுக்குள், ஒரு மணி நேரத்தில் ஓட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு பக்கத்தில் ஆபாவின் கிண்ணத்தையும் புள்ளியையும் போட்டேன். பதினாறு தடவை. அச்சகத்துக்காரரைப் போனில் கூப்பிட்டு அன்று சாயங்காலமே கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை ஆபா கேட்டார். "யாரு கூடப் படிச்சே?"

"டி.டி.பி. அண்ணனோட" என்றேன்.

"அச்சா" என்றார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நோன்போடு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அதை ஒன்பது மணிக்கு வந்து கேட்டைத் திறந்த வாட்ச்மேன்தான் எனக்குச் சொன்னார், ஆபா சொல்லவில்லை.

புத்தகம் வெளிவந்து ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்தின் போட்டோ எல்லா வாத்தியார்களின் போனிலும் சுற்றியது. 'கங்-ஹோ: மிகையான உற்சாகமுள்ள. இந்தப் பொருள் போதுமா?' என்று தொடங்கி, 'மேடத்துக்கும் தெரியாவிட்டால் நாமே ஏதாவது போட்டுவிடலாம்' என்பது வரை ஓர் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சாகியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டத்திலேயே உரக்கப் படித்துச் சிரித்தார்களாம்.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். திருத்தம் எழுதிய பழைய ப்ரூஃபெல்லாம் எடைக்குப் போயாகிவிட்டது. பீரோவில் இருந்தது கையெழுத்துப் போட்ட கடைசி ப்ரூஃப் மட்டும்தான். அதை மேஜைமேல் விரித்தார். ஆபா குனிந்து பார்த்தார். மூலையில் இருந்த தன் எழுத்தின்மேல் விரலை வைத்தார். நான் போட்ட கிண்ணம் கொஞ்சம் பெரிசு, அழுத்திப் போட்டது. ஆபாவின் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"யார் வேலை இது? நாம நாமன்னு இந்த ஆபீஸ்ல பேசறது யாரு?" என்றார் மேடம்.

"நாங்க ரெண்டு பேரும்தான் படிச்சோம் மேடம்" என்றார் ஆபா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ரோட்டில் இறங்கும்போது பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"எனக்கு ஞாபகமில்ல மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் வாய் தானாகப் போனது. "கடைசியா ஆபாதான் பார்த்தாங்க."

இது என் எழுத்து இல்லை என்று ஆபா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆபாவை மாத முடிவோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார் மேடம்.

விற்காத பிரதிகளில் தப்பை மறைக்க ஒரு துண்டுச்சீட்டு அடித்து ஒட்டவேண்டியிருந்தது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. கட்டுக்கட்டாகப் புத்தகங்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தபோது ஆபா வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீ பசை தடவு, நான் ஒட்டறேன். சேர்ந்து செஞ்சா சீக்கிரம் முடியும்" என்றார். அவருடைய கடைசி இரண்டு நாளும் அப்படிப் போனது. என் தப்பை என் எதிரில் உட்கார்ந்து ஒட்டி ஒட்டி மறைத்தார். அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். பசை போதுமா என்று கேட்டேன், பாவி.

இரண்டாம் பதிப்பு வந்தது. உள்ளே முதல் பக்கத்தில் 'உதவி ஆசிரியர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அது என் பெயர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஆபாவின் பெயரை இங்கே நான் எழுதாமல் விடுவதும் அதனால்தான். அச்சில் வரவேண்டிய இடத்தில் வராமல் பண்ணிவிட்டு, இங்கே எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சுவரில் ஒட்டியிருந்த அந்த மருந்துச்சீட்டை ஆபா எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்குக் கீழே உட்கார முடியாமல் ஒரு நாள் நானே கிழித்துப்போட்டேன்.

பிறகு நானும் வேலை மாறினேன். இப்போது அடையாறில் ஒரு கம்பெனி. எங்கள் மேலாளருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். 'நமக்கு கங்-ஹோ ஆட்கள்தான் வேணும்' என்று வாரம் ஒரு தடவையாவது குரூப்பில் போடுவார், கீழே எல்லோரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள். நானும் காட்டுவேன். காட்டிவிட்டு ஒரு நிமிஷம் போனைக் கவிழ்த்து வைப்பேன். இத்தனை வருஷமாக நான் கச்சேரி ரோடு வழியாகப் போனதில்லை. லஸ்ஸுக்குப் போகவேண்டுமென்றாலும் மாட வீதி சுற்றித்தான் போவேன். ஆட்டோக்காரர்கள் கேட்டால் அந்தப் பக்கம் டிராபிக் என்பேன்.

போன மாதம் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மயிலாப்பூரில் ஒரு கடையில் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, ப்ரூஃப் பார்க்க என்னை அனுப்பினாள். "அந்தக் கடைல ஒரு அம்மா இருக்காங்கடி, படிச்சுக் காட்டினாத்தான் விடுவாங்களாம்" என்றாள். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கடையின் உள்ளே, சின்ன மேஜைக்குப் பின்னால் ஆபா உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, கண்ணாடி தடித்திருந்தது. எதிரில் ஓர் அம்மாள் தன் மகள் பத்திரிகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஆபாவின் விரல் அச்சுப்பிரதியில் ஓடிக்கொண்டிருந்தது. "பார்த்தீங்களா, நம்ம மாப்ள பேருல ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. நாம பார்த்தது நல்லதாப் போச்சு" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் ஆபா போட்டார். அதே இழுப்பு.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஆபா நிமிர்ந்துவிட்டார். ஒரு விநாடிதான்.

"வா, உக்காரு" என்றார். "யாருக்குக் கல்யாணம்?"

"தம்பிக்கு ஆபா."

"சந்தோஷம். படி."

படித்தேன். புள்ளி, கமா எல்லாவற்றையும் சொல்லிப் படித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முகூர்த்த நேரத்தில் ஒரு தப்பு இருந்தது. "உங்க நேரம் தப்பா அடிச்சிருக்கு, ஆறு இல்ல, ஏழரை" என்று திருத்தினார். உங்க நேரம். நம்ம தம்பி என்று சொல்லவில்லை, நம்ம கல்யாணம் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கம் படித்து முடிக்கிற வரை 'நாம' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அது வந்துவிடாதா என்று நான் ஏங்கினேன்.

"ஆபா, அந்தப் பக்கத்துல உங்க கையெழுத்த..."

"தெரியும். அன்னிக்கே தெரியும்." ப்ரூஃபைத் தட்டிச் சரிசெய்தார். "கையெழுத்துல இன்னா கீது? நீதானே போட்டே, நம்ம பொண்ணுதானேன்னு விட்டேன். ஞாபகமில்லன்னு சொன்னியே, அதான்..."

மன்னிச்சிடுங்க ஆபா என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆபா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ப்ரூஃபை என் பக்கம் நகர்த்தி, கீழே வலது மூலையைக் காட்டிப் பேனாவை நீட்டினார்.

"உன்னோடத மட்டும் போடும்மா" என்றார். "என்னோடத நான் போட்டுக்கறேன்."